ஒரு மணி நேரம் நிற்காமல் நீந்த: முதல் முறை இறங்குகிறவர்களுக்கு

கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் நீந்தத் தொடங்க வேண்டும். சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்த வேண்டும். அதற்குள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதுதான் கணக்கு. நேர அளவு வைத்த நீண்ட நீச்சலின் விதி இவ்வளவுதான். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் பிரிவில் நீந்தும் பெரியவர்கள் பல ஆண்டுகளாக இதை ஒரு போட்டியாகவே நடத்தி வருகிறார்கள். அதற்காக எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவதில்லை. அவரவர் குளத்தில் நீந்தி, கணக்குத் தாளைத் தபாலில் அனுப்பி வந்ததால் ‘போஸ்டல் நீச்சல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. போட்டியில் சேராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு குளம், ஒரு கடிகாரம், பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஒருவர் இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம்.

நான் வளர்ந்த பிறகு நீச்சல் கற்றவன். முதல் முறை இந்த ஒரு மணி நேரத்துக்கு இறங்கியபோது இருபதாவது நிமிடத்திலேயே தோள் கனத்துவிட்டது. மீதி நாற்பது நிமிடமும் கையை இழுத்துக்கொண்டு போனதுதான். பயிற்சி குறைவு என்று அப்போது நினைத்தேன். அப்புறம் நேரம் குறித்த தாளை எடுத்துப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. முதல் 500 மீட்டரை, என்னால் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகத்தைவிட மிக வேகமாக நீந்தியிருக்கிறேன். இந்த நீச்சலின் முடிவு பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. கீழே சொல்லப்போகும் பலவும் அந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கான ஏற்பாடுகள்தான்.

இறங்கலாமா என்று முதலில் பாருங்கள்

அவசரப்படாமல் 400 மீட்டரை நிற்காமல் நீந்த முடிகிறதா? முடித்ததும் இரண்டு நிமிடத்துக்குள் மூச்சு சமநிலைக்கு வந்துவிடுகிறதா? அப்படியானால் எட்டு வாரப் பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்குத் தயாராகலாம். 400 மீட்டரே இன்னும் கைகூடவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் குறை தெம்பில் இருக்காது, மூச்சில் இருக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் வெளியே விட்டு உள்ளேயும் இழுக்கப் பார்ப்பார்கள். அது நடக்காது. உடலில் கரியமில வாயு சேரச் சேரத்தான் மூச்சு முட்டும் உணர்வு வருகிறது. முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலை திரும்பும்போது உள்ளிழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும்.

இதய நோய், ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு இறங்குங்கள். உயிர்காப்பாளர் இல்லாத குளத்தில் தனியாக இதைச் செய்யவே கூடாது. இறங்கும் முன் வேக வேகமாக ஆழ்ந்த மூச்சு இழுத்து ‘நிரப்பிக்கொள்ளும்’ பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். அது கரியமில வாயுவை மட்டும் குறைத்து, மூச்சு தேவை என்ற எச்சரிக்கையையே தாமதப்படுத்தும். அதன் பிறகு தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கினால், முன்னறிவிப்பு இல்லாமல் நினைவு தப்பிவிடலாம்.

உங்கள் வேகம் எது?

குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு நாள் நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்தி நேரம் குறியுங்கள். பத்து நிமிடம் மெதுவாக நீந்தி ஆசுவாசமாகுங்கள். அப்புறம் 200 மீட்டர், அதுவும் முழு முயற்சியோடு. முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால், 100 மீட்டருக்கு நீங்கள் நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகத்தின் எல்லை கிடைக்கும்.

ஓர் உதாரணம். 400 மீட்டருக்கு 9 நிமிடம் 40 வினாடி, 200 மீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 நிமிடம், அதில் பாதி 2:30. இது எல்லை. முதல் முறை ஒரு மணி நேரம் நீந்துகிறவர் இதோடு ஐந்து வினாடி சேர்த்துக்கொள்வது நல்லது. ஆக, 100 மீட்டருக்கு 2:35. இந்த வேகத்தில் 25 மீட்டர் குளத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 39 வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஒரு மணி நேரத்தில் 92 முறை கடந்து 2,300 மீட்டர் முடித்திருப்பீர்கள். 93-வது முறை சுவரைத் தொடச் சில வினாடி இருக்கும்போது நேரம் முடிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘லேப்’ என்று சிலர் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போவதைச் சொல்கிறார்கள். வேறு சிலர் போய்த் திரும்பி வருவதைச் சொல்கிறார்கள். இருவர் பேசிக்கொண்டால் தூரம் இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகிவிடும். இந்தக் கட்டுரையில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ‘ஒரு நீளம்’. உங்களுக்காக எண்ணப்போகிறவரிடமும் இதை முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளம் 25 மீட்டரா, 25 கஜமா, 50 மீட்டரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 25 கஜம் என்றால் 22.86 மீட்டர்தான். ஒரு மணி நேரக் கணக்கில் அந்த வித்தியாசம் பெரிதாகிவிடும்.

எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒரு நாள் நுட்பத்துக்கு, ஒரு நாள் வேகத்துக்கு, ஒரு நாள் நீளமான நீச்சலுக்கு.

வேக நாளில் உங்கள் 2:35 எப்படி இருக்கும் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 100 மீட்டர் பத்து முறை, நடுவில் 15 வினாடி ஓய்வு. பத்துக்கும் ஒரே அளவு நேரம்தான் ஆக வேண்டும். முதலாவது 2:25, பத்தாவது 2:48 என்று வந்தால் பயிற்சி நடந்ததாகவே நான் கணக்கு வைப்பதில்லை. சில வாரம் போனதும் 200 மீட்டர் ஐந்து முறை, பிறகு 400 மீட்டர் மூன்று முறை என்று மாற்றிக்கொள்ளுங்கள். வேகம் அதேதான்.

நீளமான நாளில் முதல் வாரம் 15 நிமிடம் நிற்காமல் நீந்துங்கள். அடுத்தடுத்து 20, 25, 30 என்று கூட்டி, ஏழாவது வாரத்தில் 45 நிமிடம் வரை போங்கள். நடுவில் ஒரு வாரம் ஒரு மணி நேரத்தை நாலாக உடைத்து, 15 நிமிடம் நீந்தி ஒரு நிமிடம் நின்று மறுபடி நீந்துங்கள். முழு ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே நீந்திப் பார்க்கத் தேவையில்லை. 45 நிமிடம் சீராகப் போனவர் 60 நிமிடம் போய்விடுவார். கடைசி வாரம் நீச்சலைப் பாதியாகக் குறைத்து ஓய்வெடுங்கள்.

நுட்ப நாளில் திருப்பத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன 92 நீளத்தில் 91 திருப்பம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வினாடி மிச்சப்படுத்தினால் 91 வினாடி, அதாவது இரண்டு நீளத்துக்கும் மேல். அதற்காக நீங்கள் ஒரு மூச்சுகூட அதிகமாக வாங்க வேண்டியதில்லை. ஃப்ளிப் டர்ன் வராதவர்கள் இதற்காக அவசரப்பட்டுக் கற்க வேண்டாம். பழக்கமில்லாமல் குட்டிக்கரணம் போட்டால் ஒவ்வொரு சுவரிலும் ஒரு மூச்சு போய், அடுத்த பத்து மீட்டர் தவிக்க வேண்டியிருக்கும். கையால் தொட்டு, முழங்காலை மடக்கி, ஒரே ஒரு மூச்சு வாங்கி, உடம்பை அம்பு மாதிரி நீட்டிப் போங்கள். சுவரைப் பிடித்துத் தொங்குவதுதான் நேரத்தைத் தின்கிறது.

எண்ணுபவர்

புதிதாக வருகிறவர்கள் கடைசியாக யோசிப்பது இது. நான் முதலில் யோசிக்கச் சொல்வது இதுதான். நாற்பது நிமிடம் நீந்திய மூளைக்கு ‘இது 61-வதா, 63-வதா’ என்று கேட்டால் பதில் வராது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாபி ஃபிங்க் 1500 மீட்டரை 14:30.67-ல் முடித்து உலக சாதனை செய்தார். 50 மீட்டர் குளத்தில் அது வெறும் 30 நீளம். அந்த நிலையில் நீந்துகிறவர்களுக்கே, இன்னும் எத்தனை நீளம் பாக்கி என்று மறு முனையில் அட்டை காட்டுகிறார்கள். கடைசி இரண்டு நீளம் வரும்போது தனியாக ஒலி எழுப்பியும் சொல்கிறார்கள். நமக்கு 92 நீளம்.

எண்ணுபவர் வெறுமனே கோடு போட்டால் போதாது. ஒவ்வொரு 100 மீட்டர் முடியும்போதும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு என் தாளிலிருந்தே ஒரு வரி. என் நண்பர் எண்ணினார். பக்கத்து லேனுக்கு வந்த ஒருவர் அவரிடம் ஏதோ கேட்க, அவர் திரும்பிப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் நான் ஒரு முறை சுவரைத் தொட்டுத் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. நீந்தி முடித்து இருவரும் தாளை மடியில் வைத்து, நேரங்களைக் கழித்துப் பார்த்தோம். 2:36, 2:37, 2:36 என்று சீராக வந்த வரிசையில் திடீரென்று ஒன்று 3:54 என்று நின்றது. அதற்கு அடுத்தது மறுபடி 2:37. அந்த ஒன்றில் மட்டும் கூடுதலாக இருந்தது 1:18, சரியாக நான் ஒரு முறை போய் வரும் நேரம். விட்டுப்போன 50 மீட்டர் அங்கேயே அகப்பட்டது. வெறும் கோடுகள் மட்டும் இருந்திருந்தால் அந்த 50 மீட்டர் போனது போனதுதான்.

நீச்சலை எண்ணும் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளலாம், துணைக்கு. சுவரில் நீங்கள் தள்ளிக் கிளம்பும் வேகத்தையும் கை அசைவையும் வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. மெதுவாகத் திரும்பினாலோ, நடுவில் கண்ணாடியைச் சரிசெய்ய நின்றாலோ ஏமாந்துவிடும்.

எண்ணுபவரிடம் எப்போது, எப்படி உங்களுக்குச் சைகை காட்ட வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் காட்டினால் கவனம் சிதறும். நான் இரண்டே இரண்டுதான் கேட்பேன். பாதி நேரம் ஆனதும் சிவப்புக் கிக்போர்டை (கால் அடித்துப் பழகும்போது பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) தண்ணீரில் நான் தொடும் சுவருக்குப் பக்கத்தில் அமிழ்த்திக் காட்டுவார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு மஞ்சள். தண்ணீருக்குள் நிறம் தெரியும், குரல் கேட்காது. விசில்கூடக் காதில் விழாமல் போகலாம். அதனால் கடைசி நீளத்தில் எண்ணுபவர் உங்களுக்கு இணையாகக் குளத்தின் ஓரத்தில் நடந்து வந்து, நேரம் முடியும் நொடியில் உங்கள் தலை இருக்கும் இடத்தைத் தரையில் குறித்துக்கொள்வதுதான் நம்பகமான வழி.

அன்றைக்கு

இரண்டு மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிடுங்கள், வழக்கமாக உங்களுக்கு ஒத்துப்போவதையே. கழிவறைக்குப் போய்விட்டு இறங்குங்கள். பழகிய நீச்சல் கண்ணாடி போதும், புதியதை அன்று மாட்டாதீர்கள். அக்குளிலும் கழுத்துப் பக்கத்திலும் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் உராய்ந்து எரியாது. லேன் முனையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். குளத்திலும் வியர்க்கும், நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

லேனை இன்னொருவரோடு பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. மூவரோ அதற்கு மேலோ என்றால் வட்டமாகத்தான் போக முடியும். வேகமானவர் முன்னால் கிளம்பட்டும். முந்த வேண்டியிருந்தால் சுவரில் வழிவிடச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எண்ணுபவர் வேண்டும்.

200 அல்லது 300 மீட்டர் மெதுவாக நீந்தி உடலைச் சூடாக்குங்கள். பிறகு கிளம்பலாம்.

தண்ணீருக்குள் அந்த ஒரு மணி நேரம்

முதல் பத்து நிமிடம் உடம்பு பொய் சொல்லும். ஓய்வெடுத்த தசை, புதுத் தெம்பு, பக்கத்து லேனில் ஒருவர் தாண்டிப் போகிறார். 2:35 மிக மெதுவாகத் தோன்றும். உங்கள் கணக்கு 2:35 என்றால் முதல் நாலு நூறுகளை 2:38-ல் நீந்துங்கள். எவ்வளவு தெம்பாக இருந்தாலும் சரி. ‘இது ரொம்பச் சுலபமாக இருக்கிறதே’ என்று தோன்றினால் சரியாகப் போகிறீர்கள். கால் அடிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசைகள் பெரியவை, பிராணவாயுவை நிறையக் கேட்கும். கைக்கு ஓர் அடி என்ற அளவில், உடம்பு உருளுவதற்கு உதவும் அளவுக்கு அடித்தால் போதும்.

பத்திலிருந்து இருபத்தைந்து வரை நல்ல நேரம். தாளம் வந்துவிடும். மூச்சை ஒரே பக்கம் வாங்குகிறவர்கள் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறு பக்கம் என்று மாற்றிப் பாருங்கள். கழுத்துக்கு நல்லது.

இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரைதான் கடினம். இதைப் பற்றி முன்னமே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். வலி என்று பெரிதாக இருக்காது. ஆனால் முடிவு கண்ணுக்குத் தெரியாது, தொடக்கமும் மறந்துவிட்டிருக்கும். அடியில் ஓடும் கறுப்புக் கோடு, அதன் முனையில் குறுக்குக் கோடு, சுவர், மறுபடி கறுப்புக் கோடு. கவனம் நழுவியதும் முழங்கை தாழும், கை தலைக்குக் குறுக்கே போகும், இடுப்பு இறங்கும். வேகம் குறைந்தது உங்களுக்கே தெரியாது. இதற்கு எனக்குப் பலித்த வழி, ஒவ்வொரு நூறுக்கும் ஒரே ஒரு வேலை கொடுப்பது. இந்த நூறு முழுக்கக் குமிழி விடுவதை மட்டும் கவனிப்பேன். அடுத்த நூறில் முழங்கை உயர நிற்கிறதா என்று. அதற்கடுத்து இடுப்பு மேலே இருக்கிறதா என்று. நாலாவதில் சுவரைத் தள்ளுவது மட்டும். பிறகு மறுபடி குமிழி. நாலு நூறு முடிந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டிருக்கும்.

கெண்டைக்காலில் பிடித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான் அதிகம். சுவரை ஓங்கி உதைத்துத் தள்ளுவதும், கால்விரலை விறைப்பாக நீட்டி வைத்திருப்பதும் காரணமாகலாம். பிடித்தால் பயப்பட வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் விரல்களைக் கையால் முட்டியை நோக்கி இழுத்து வைத்திருங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் போகட்டும், கடிகாரம் ஓடினால் ஓடட்டும். விட்டதும் மெதுவாகத் தள்ளிக் கிளம்புங்கள். ஆனால் தோள் மூட்டில் குத்துவது போல வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், உடம்பு நடுங்கி நிற்காமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைய நீச்சல் அங்கே முடிந்தது. கையை உயர்த்தி உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

மஞ்சள் பலகை தெரிந்ததும் கடைசிப் பத்து நிமிடம். முதல் பத்து நிமிடத்தைக் காப்பாற்றி வைத்தவருக்கு இங்கே கையில் கொஞ்சம் மீதி இருக்கும். ஒரேயடியாகச் செலவழிக்காமல், ஒவ்வொரு நூறுக்கும் இரண்டு வினாடி குறைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் உள்ளதெல்லாம் கொடுக்கலாம்.

வெளியே வந்ததும்

உடனே ஏறாதீர்கள். 100 மீட்டராவது மெதுவாக நீந்துங்கள். ஒரு மணி நேரம் படுத்த வாக்கில் இருந்துவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தால் தலை சுற்றலாம், அதனால் ஏணியைப் பிடித்து ஏறி ஒரு நிமிடம் உட்காருங்கள். உடம்பைத் துவட்டி, சூடாக எதையாவது போர்த்திக்கொண்டு, தண்ணீர் குடித்து, கொஞ்சம் சாப்பிடுங்கள். அடுத்த இரண்டு நாள் தோளுக்கு ஓய்வு.

தாளை மட்டும் அன்றே பாருங்கள். ஒவ்வொரு நூறின் நேரத்தையும் கழித்து எழுதி, எங்காவது எண்ணிக்கை தப்பியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிறகு முதல் 500 மீட்டரின் நேரத்தையும் கடைசி 500 மீட்டரின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். என் முதல் தாளில் இரண்டுக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. நான்காவது முறை நீந்தியபோது அது ஏழு வினாடி. வேகமான 100 மீட்டர் நேரம் அந்த நாலு தாளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மொத்தத் தூரம் மட்டும் 150 மீட்டர் கூடியிருந்தது.